கத்தி பிடித்தவனுக்கு வயது 16

வாசகர் கடிதம்:

தம்பி, எனக்கு வயது 67. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் மகன் வீட்டோடு சேர்ந்த ஒரு டக் ஷாப் (சின்னப் பெட்டிக்கடை) வைத்துப் பிழைத்தான். போன வருஷம் ஜூன் மாதம், கடை சாத்துகிற நேரத்தில் மூன்று பேர் உள்ளே வந்து அவனைக் குத்திப் போட்டுவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். குத்தினவன் மூவரில் சின்னவன். அன்றைக்கு அவனுக்கு வயது 16, இப்போது 17. கூட வந்தவர்களுக்கு 22, 24. மூவரும் குற்றவாளிகள் என்று கோர்ட்டில் சொல்லியாகிவிட்டது. இனி தண்டனைதான் பாக்கி. பெரியவர்கள் இருவருக்கும் ஆயுள் தண்டனை வரலாமாம், கத்தி பிடித்தவனுக்கு வராதாம், ஏனென்றால் அவன் குழந்தையாம். குழந்தை என்றால் என் பேத்தி. அவளுக்கு 6 வயது. இன்னும் சாயங்காலமானால் கடை ஷட்டர் பக்கம் போய் நிற்கிறாள். ஒரு கன்றுக்குட்டிக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் கிடத்தின மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். இது என்ன நீதி? என்னை ஒரு அறிக்கை எழுதித் தரச் சொல்கிறார்கள். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. என் தம்பி மகன் அந்தப் பையன் போட்டோவை ஃபேஸ்புக்கில் போடுகிறேன் என்று நிற்கிறான். போன மாதம் அந்தப் பையனுடைய ஆயா (பாட்டி) என் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். கோயிலில் பார்த்த முகம்தான். நான் திறக்கவில்லை. பெரியவர்களுக்கு உள்ள தண்டனை அவனுக்கும் வேண்டும் என்று நான் நினைப்பது தப்பா?

ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்:

அக்கா,

தப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டைத் திறக்காததும் தப்பில்லை. மகனைப் பறிகொடுத்தவர் எந்த நினைப்பு நினைத்தாலும் அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் என் கருத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பையனுக்குப் பெரியவர்களுக்குரிய தண்டனை தரக் கூடாது என்பதுதான் என் எண்ணம். 1993இல் தொடங்கி 28 வருஷம் டர்பன் பக்கத்துக் கோர்ட்டுகளில் நன்னடத்தை அலுவலராக இருந்தேன். குற்றம் செய்த சிறுவர்களோடு உட்கார்ந்து பேசுவது, அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, பிறகு நீதிபதிக்கு அறிக்கை எழுதுவது, இதுதான் என் வேலை. என் பதில் உங்களுக்குக் கசக்கும். கசந்தாலும் கடைசிவரை படியுங்கள். உங்களுக்கென்று சில உரிமைகள் இருக்கின்றன. கோர்ட் நடைபாதையில் அவற்றை நிதானமாக விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

குழந்தை என்ற சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்களை அதிகம் சுட்டது அதுதான். நம் நாட்டுச் சட்டத்தில் 18 நிரம்பாதவர் எல்லோருக்கும் ஒரே பெயர். இங்கிலீஷில் அது எப்படியோ ஓடிவிடுகிறது. அதைத் தமிழில் குழந்தை என்று சொன்னதும் இடுப்பில் தூக்கிவைத்த பிள்ளை கண்ணில் வந்து நிற்கிறது. 16 வயதுக்காரனை நம் வீடுகளில் யாரும் குழந்தை என்று சொல்வதில்லை. விடலைப் பையன் என்போம். அந்தச் சொல்லில் கொஞ்சம் கோபமும் கொஞ்சம் பயமும் கலந்துதான் இருக்கும். மீசை அரும்பியிருக்கும், கை நீளும், நாலு பேர் சேர்ந்தால் எதையும் செய்வான், செய்த பிறகுதான் யோசிப்பான். அரசு வழக்கறிஞர் விடலை என்று சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு புண்பட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சட்டமும் அவனைக் கைக்குழந்தையாகப் பார்க்கவில்லை. சிறார் நீதிச் சட்டம் 2008இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 12 வயதுக்குக் கீழே இருந்தால் வழக்கே போட முடியாது. முன்பு இந்த வரம்பு 10 வயதாக இருந்தது, 2022 ஆகஸ்டில் உயர்த்தினார்கள். 12 முதல் 14 வரை என்றால், செய்வது தப்பு என்று அவனுக்குப் புரிந்ததா, புரிந்தபடி நடக்க முடிந்ததா என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். 14 தாண்டிவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. உங்கள் வழக்கில் அவன்மேல் போட்டது பெரியவர்கள் இருவர்மேல் போட்ட அதே கொலைக் குற்றம், அதே கொள்ளைக் குற்றம். சாட்சிகளும் அதேதான். குற்றவாளி என்ற தீர்ப்பும் அதேதான். வயது குறுக்கே வருவது தண்டனை போடும்போது மட்டும்.

சரி, எவ்வளவு வித்தியாசம்? கொள்ளையடிக்கும்போது நடந்த கொலை என்றால் பெரியவர்களுக்கு ஆயுள் தண்டனையில் இருந்துதான் கோர்ட் கணக்கைத் தொடங்கும். வலுவான காரணம் இருந்தால்தான் நீதிபதி குறைப்பார். 1997இல் வந்த சட்டம் அது. குற்றம் நடந்த அன்று 18 நிரம்பாதவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 16, 17 வயதுக்காரர்களையும் அதற்குள் இழுக்க 2007இல் ஒரு திருத்தம் வந்தது, 2009 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதனால் உங்கள் மகனைக் கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடையாது. ஆனால் 25 வருஷம் வரை சிறை உண்டு. ஆயுள் தண்டனை பெற்றவர்களுக்கும் 25 வருஷம் கழிந்தால்தான் பரோல் பற்றி யோசிப்பார்கள். ஆக நீங்கள் பயப்படுகிற மாதிரி ஒரு பக்கம் சிறையும் மறுபக்கம் வீடும் இல்லை. அவனுக்கு முன்னதாகவே பரோல் வாய்ப்பு வரும், அதையும் மறைக்கவில்லை. நீதிபதி அவனை முதலில் இளைஞர் காப்பு மையத்துக்கு அனுப்பிவிட்டு, 21 வயதுக்குள் அது முடிந்ததும் சிறைக்குப் போகும்படியும் தீர்ப்புச் சொல்லலாம். கையைத் தட்டி அனுப்பிவைக்கிற வழக்கு இது கிடையாது. இத்தனை வருஷம் பார்த்த கணக்கில் சொல்கிறேன், சிறைக்குத் தயாராகத்தான் அவன் வக்கீலும் இருப்பார்.

இப்போது அவனுக்கு ஏன் ஆயுள் கூடாது என்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 15. பஸ் நிறுத்தத்தில் ஒரு சண்டையில் இன்னொரு பையனைக் குத்திவிட்டான், அவன் இறந்துபோனான். பிடித்த 48 மணி நேரத்துக்குள் முதல்கட்ட விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு முன் நான் அவனிடம் பேச வேண்டும். நகத்தில் இன்னும் கறை இருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு சொல்லில் பதில். நான் ஃபைலை மூடி எழுந்தபோதுதான் வாயைத் திறந்தான். "அங்கிள், புறாவுக்கு யார் தண்ணி வைப்பா?" வீட்டுப் பின்பக்கம் தகரக் கூட்டில் பந்தயப் புறா வளர்த்தான். ஒன்று முட்டையில் உட்கார்ந்திருந்ததாம். கூண்டைத் திறந்துவிடச் சொல்லி அம்மாவிடம் சொல்வீர்களா என்று என் சட்டைக் கையைப் பிடித்தான். பிணவறையில் ஒரு பையன் கிடக்கிறான், இவன் முட்டைக்கு அழுகிறான்.

அன்றைக்கு எனக்கு வந்தது இரக்கம் இல்லை அக்கா, கோபம்தான். வீட்டுக்குப் போயும் அது தணியவில்லை. இரக்கமற்ற ஜென்மம் என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவனை ஏழெட்டு முறை பார்த்த பிறகுதான் புரிந்தது. புறாவின் பசி அவன் கைக்கு எட்டுகிற அளவு. சாவு அவனுக்கு எட்டவில்லை. தான் செய்தது எவ்வளவு பெரியது என்று அவன் தலைக்குள் ஏற நாலு மாதம் ஆனது. ஏறின அன்று சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தான். 24 வயதுக்காரனுக்கு அந்த நாலு மாதம் தேவைப்படாது. அவனுக்குக் குத்துவதற்கு முன்பே தெரியும்.

அவசரத்தை அடக்குகிற, பின்விளைவை எடைபோடுகிற மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று மருத்துவம் சொல்கிறது. இளங்கன்று பயமறியாது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். அந்தக் கன்றுக்குக் கிணறு எங்கே இருக்கிறதென்றும் தெரியாது. நான் மேலே சொன்ன 2009 தீர்ப்பை நீதிபதி எட்வின் கேமரன் எழுதினார். சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பவே கூடாது என்று அதில் சொல்லவில்லை. அவர்கள் பக்குவம் குறைந்தவர்கள், அடுத்தவர் இழுப்புக்குப் போகிறவர்கள், திருந்தவும் அதிக இடம் உள்ளவர்கள், அதனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துத் தண்டனை போடுங்கள், சிறை கடைசி வழியாக இருக்கட்டும் என்றார். கடைசி வழி என்றால் இல்லாத வழி என்று அர்த்தமில்லை.

அடுத்தவர் இழுப்பு என்றேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த இடம்தான். மூன்று பேர் வந்தார்கள், கத்தி சின்னவன் கையில் இருந்தது. ஏன்? இந்த ஏற்பாட்டை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பெரியவன் கத்தியைச் சின்னவனிடம் கொடுப்பான். பிடிபட்டால் அவனுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும் என்பது ஒரு கணக்கு. நீயும் ஆம்பிளைதானா பார்க்கலாம் என்பது இன்னொன்று. "சுகர்ஸ்" என்ற மலிவுப் போதைப்பொருள் வந்த பிறகு சாட்ஸ்வொர்த் தெருமுனைகளில் இது அதிகமாகிவிட்டது, உங்களுக்குத் தெரியாதது இல்லை. உங்கள் வழக்கிலும் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை, சாட்சியங்களைப் பார்க்காமல் சொல்லவும் கூடாது. ஆனால் இதை அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள்: கத்தி யாருடையது? யார் கொண்டுவந்தார்கள்? சிறுவரைக் குற்றத்துக்குப் பயன்படுத்துவதையே நம் நாட்டுக் குழந்தைகள் சட்டம் தடை செய்கிறது. பெரியவர்கள் இருவரும் வெறும் கையோடு நின்றார்கள், அதனால் அவர்கள் குற்றம் சிறியது என்று அவர்கள் வக்கீல்கள் வாதாடினால் இந்தக் கேள்வி அதற்குக் குறுக்கே நிற்கும்.

இந்தியாவில் சட்டத்தை மாற்றிவிட்டார்களே என்று உங்கள் வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு, அதில் இருந்த 17 வயதுக்காரனுக்கு மூன்று வருஷம் மட்டும் கிடைத்தது என்ற கோபத்தில் 2015இல் புதுச் சட்டம் வந்தது. 16 முதல் 18 வயதுக்காரர்களைக் கொடுங்குற்றங்களுக்குப் பெரியவர்களாக விசாரிக்கலாம் என்கிறது அது. அங்கே அன்றிருந்த உச்சவரம்பே மூன்று வருஷம்தான். இங்கே 25. அதனால் அங்கே எழுந்த கேள்வி வேறு, இங்கே உங்கள் கேள்வி வேறு. அமெரிக்காவில் சிறுவர்களைப் பெரியவர்கள் கோர்ட்டுக்கு மாற்றுவது பல வருஷமாக நடக்கிறது. 2007இல் அந்நாட்டு நிபுணர் குழு ஒன்று அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தது. அப்படி மாற்றப்பட்டவர்கள், சிறார் கோர்ட்டிலேயே விடப்பட்டவர்களைவிட, பிறகு அதிகமாக வன்முறையில் இறங்கினார்கள் என்பதுதான் தெரியவந்தது.

எனக்கு அதைப் படித்தபோது ஆச்சரியமாக இல்லை. நம் சிறைகளில் 26, 27, 28 என்ற எண்களோடு கும்பல்கள் இருப்பது ஊரறிந்தது. விளையாட்டுக்குப் போல ஒரு காரைத் திருடிவிட்டு விசாரணைக்காகக் காத்திருந்த ஒரு பையன் எனக்குத் தெரியும். 18 நிரம்பிய வாரத்தில் சிறுவர் பகுதியிலிருந்து மாற்றிவிட்டார்கள். அடுத்த முறை பார்க்கப் போனபோது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டே பேசினான். விடைபெறும்போதுதான் கட்டைவிரல் பக்கத்தில் புதுப் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்தேன், இன்னும் வீக்கம் வடியவில்லை. அவனுக்கு அங்கே பாதுகாப்பு தேவைப்பட்டது, அதற்கு அவன் கொடுத்த விலை அது.

நாம் இந்த நாட்டில் கடுமையான தண்டனையைப் பார்க்காதவர்கள் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பையன்களுக்குக் கோர்ட் பிரம்படி கொடுத்துக்கொண்டிருந்தது, ஏழு அடி வரை. 1995 ஜூனில்தான் அரசியல் சாசன நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதே வாரத்தில் மரண தண்டனையும் போனது. அடி வாங்கிக்கொண்டு நடைபாதைச் சுவரைப் பிடித்தபடி நடந்து வந்த பையன்களை மறுபடி மறுபடி அதே நடைபாதையில் பார்த்திருக்கிறேன். 1992இல் ராபர்ட்சன் ஊரில் ஒரு 13 வயதுப் பையன் கடையில் திருடினான் என்று பிடித்துப்போய் லாக்கப்பில் போட்டார்கள். கூட இருந்தவர்கள் அவனை அடித்தே கொன்றுவிட்டார்கள். இன்றைய சட்டத்துக்கு விதை போட்டதில் அந்தச் சாவுக்கும் பங்கு உண்டு. 1994இல் பதவியேற்றுச் சில நாட்களில் மண்டேலா நாடாளுமன்றத்தில் பேசியபோது, சிறையில் கிடக்கும் சிறுவர்கள் விஷயத்தை அவசரமாகக் கவனிப்போம் என்றார். இந்தச் சட்டம் இரக்கக் குணத்தில் மட்டும் வந்ததென்று நினைக்காதீர்கள். ராபர்ட்சனில் செத்த அந்தப் பையனுக்கும் ஒரு தாய் இருந்தாள்.

ஆனாலும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொன்னால் அது பொய். என் கையெழுத்தோடு போன ஒரு அறிக்கை இருக்கிறது. 16 வயதுப் பையன், ஆளை வெட்டிக் கொள்ளையடித்தவன். சிறை வேண்டாம், காப்பு மையம் போதும் என்று எழுதினேன், நீதிபதி ஏற்றுக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து வெளியே வந்தான். திரும்பிப் போனது அதே வீடு, அதே தெருமுனை. போய்ப் பார்க்க ஆள் இல்லை, வேலையில்லை, பள்ளிக்கூடமும் சேர்க்கவில்லை. ஏழு மாதத்தில் ஒரு வயதான அம்மாவைப் பைக்காகக் கீழே தள்ளினான். இடுப்பெலும்பு முறிந்து, அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. அவரைப் போய்ப் பார்த்தேன். நான் யார் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, டீ வேண்டுமா என்று கேட்டார். 2022-23இல் மட்டும் 27,000 பேருக்கு மேல் கொலையான நாடு இது. பயத்தில் கடுமையைக் கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மாவின் வீட்டிலிருந்து வந்த பிறகும் என் எண்ணம் மாறவில்லை, ஆனால் என் அறிக்கைகள் மாறின. திருந்துவான் என்று மட்டும் எழுதுவதை விட்டுவிட்டேன். எங்கே, யார் கண்பார்வையில், எத்தனை வருஷம், வெளியே வந்தால் எந்த வீட்டுக்கு என்று எழுத ஆரம்பித்தேன். உங்கள் வழக்கில் கத்தி பிடித்தவனுக்கு நான் அறிக்கை எழுதியிருந்தால் நீண்ட சிறை என்றுதான் எழுதியிருப்பேன். ஒரு நாள் கதவு திறக்கும் என்று அவனுக்கும் தெரிகிற சிறை. அந்த நாளில் அவன் நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

மனுநீதிச் சோழன் கதைக்கு வருகிறேன். அதை நானும் கோயில் திருவிழாவில் கூத்தாகப் பார்த்து வளர்ந்தவன்தான். தேர்க்காலில் மகனைக் கிடத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு இந்த வேலையில் இருந்து இருந்து வேறொன்று பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. அரண்மனை வாசலில் ஒரு மணி தொங்கியது. பசு வந்து இழுத்தது. ராஜா எழுந்து வெளியே வந்தார், என்ன ஆயிற்று என்று கேட்டார். நம் கோர்ட்டுகளில் பல தாய்மார்களுக்கு இது நடப்பதே இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மகனுடைய பெயரை ஒரு குமாஸ்தா தப்பாக உச்சரிப்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். உங்களிடம் கேட்கிற அந்த அறிக்கைதான் உங்கள் மணி. அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

சிறார் நீதிச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. இந்தக் குற்றத்தால் உங்கள் உடம்புக்கு, மனசுக்கு, குடும்பத்துக்கு, வரும்படிக்கு என்ன ஆனது என்று சத்தியம் செய்து எழுதித் தரலாம். எத்தனை வருஷம் போட வேண்டும் என்று எழுதுவதற்கான தாள் இல்லை அது. அப்படி எழுதினால் நீதிபதி அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். அவன் எப்படிப்பட்டவன் என்பதும் வேண்டாம், அதற்கு நன்னடத்தை அலுவலரின் அறிக்கை தனியாக வரும். உங்கள் மகனைப் பற்றி எழுதுங்கள். கடையை எத்தனை மணிக்குத் திறப்பான், யாருக்குக் கடன் கொடுப்பான், மாதம் என்ன வந்தது, இப்போது லைட் பில்லும் பள்ளிக்கூடச் செலவும் யார் கட்டுகிறார்கள். மருமகள் வேலைக்குப் போகிறாளா. நீங்கள் தூங்க என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். பேத்தி சாயங்காலம் ஷட்டர் பக்கம் போய் நிற்பதை எழுதுங்கள். எனக்கு எழுதினீர்களே, அதே வரியை. 28 வருஷத்தில் இந்த மாதிரி அறிக்கைகள் நிறையப் படித்தேன், கோபமாக எழுதினவை ஒன்றும் நினைவில் இல்லை. தினமும் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைப்பதாக ஒரு அப்பா எழுதியிருந்தார், அது மட்டும் போகவில்லை.

தமிழில் எழுதுங்கள், இல்லாவிட்டால் வாயால் சொல்லுங்கள், வீட்டுப் பிள்ளைகள் யாராவது இங்கிலீஷில் எழுதட்டும். அழகுபடுத்த வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். எழுதினதை அவர்கள் உங்களுக்குத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னதுதான் என்று தெரிந்த பிறகே கையெழுத்து. ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

தண்டனை சொல்லும் அன்று நீதிபதி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் பரோல் விசாரணை வரும்போது நீங்களோ குடும்பத்தில் நெருங்கியவர்களோ அங்கே வந்து பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். அவர் சொல்ல மறந்தால் அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அந்த உரிமை தானாக வந்து கதவைத் தட்டாது. விருப்பத்தைச் சிறைத்துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வீடோ போன் நம்பரோ மாறினால் அதையும் சொல்ல வேண்டும். அந்த நாள் வரும்போது நீங்கள் எண்பதைத் தொட்டிருக்கலாம். அதனால் மருமகள் பெயரையும் இப்போதே சேர்த்துக் கொடுங்கள்.

தம்பி மகன் விஷயம். போட்டோவைப் போட விடாதீர்கள். 18 நிரம்பாத குற்றவாளியின் பெயரையோ முகத்தையோ வெளியிடுவது சட்டப்படிக் குற்றம். அவனுக்கு 18 முடிந்தாலும் அந்தப் பாதுகாப்பு தொடரும் என்று 2019 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பும் தெருதான். அவனுடைய கோபம் எனக்குப் புரிகிறது, அத்தை மகனை இழந்தவன் இல்லையா. அந்தக் கோபத்துக்கு வேலை கொடுங்கள். உங்களைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போவது, தேதிகளை ஒரு நோட்டில் எழுதுவது, அறிக்கைக்கு பில்களைத் தேடி எடுப்பது. கேஸ் நம்பரை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், ஒவ்வொரு கவுண்டரிலும் அதைத்தான் கேட்பார்கள்.

அந்த ஆயா. அவர் எதற்கு வந்தார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்கவோ, பேரனுக்காக ஏதாவது கேட்கவோ, சும்மா நிற்கவோ வந்திருக்கலாம். தண்டனை முடியும்வரை தனியாகச் சந்திக்க வேண்டாம் என்பது என் யோசனை. பிறகு யாராவது அதைத் திரித்துச் சொல்ல இடம் கொடுக்க வேண்டாம். அவரிடமிருந்து பணமோ பொருளோ வாங்கவே வாங்காதீர்கள். இரண்டு குடும்பத்தையும் நடுவில் ஒருவரை வைத்து உட்காரவைக்கிற ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. உங்கள் மாதிரி வழக்கில் அது தண்டனைக்குப் பதிலாக நடப்பதில்லை, வேண்டுமென்றால் கூடவோ பின்னாலோ நடக்கலாம். நீங்கள் சரி என்றால் மட்டும். பெரிய மனசு பண்ணுங்கள் என்று கோயிலில் யாராவது தோளைத் தொட்டுச் சொல்ல வந்தால், யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று வருஷம் யோசித்தாலும் சரி, முப்பது வருஷம் யோசித்தாலும் சரி. அதே கோயிலுக்கு அவரும் வரட்டும், நீங்களும் போங்கள். அவர் இருக்கிறார் என்பதற்காக நீங்கள் கஞ்சி வரிசையிலிருந்து விலக வேண்டாம்.

கடைசியாகப் பேத்தி. கேள்வியில் அவளைப் பற்றி ஒரு வரிதான் எழுதினீர்கள், எனக்கு அவள்தான் அதிகமாக மனசில் நிற்கிறாள். ஷட்டர் பக்கம் நிற்பதைத் தடுக்காதீர்கள். பக்கத்தில் போய் நீங்களும் நில்லுங்கள். அப்பா வெளியூர் போயிருக்கிறார், தூங்குகிறார் என்று யாரும் சொல்ல வேண்டாம். செத்துவிட்டார், வர மாட்டார், அப்பாவைக் கொன்றவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று அவள் கேட்கிறபோதெல்லாம் ஒரே மாதிரிச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்து டீச்சரிடம் நடந்ததைச் சொல்லிவையுங்கள். சமூக நலத்துறை அலுவலகத்தில் சமூகப் பணியாளர் இருப்பார், இந்த வாரமே போய்க் கேளுங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனாலும் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். போகும்போது அவளுடைய பிறப்புச் சான்றிதழையும் மகனின் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.